அட்டையின் மறுபக்கம்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரண்மீதோ, பாட்டியாரின் தகரப் பெட்டியிலோ, படங்கள் ஒட்டிய பழைய ஏடு ஒன்று கிடக்கக்கூடும். புரட்டிப் பார்த்தால் கோயில் கோபுரம், துறைமுகம், மலைப்பாதை, அரண்மனை என்று பலவகைப் படங்கள் காணப்படும். அவற்றுள் சில வெறும் படங்கள் அல்ல. ஒரு காலத்தில் தபாலில் வந்த அட்டைகள். படம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுத்தோ பசைக்குள் முகம் புதைத்துக் கிடக்கிறது. அந்த எழுத்தை ஊறு நேராமல் வெளியே கொணர்வது எவ்வாறு என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது மிகச் சிறிய செய்தி அன்றோ, இதற்கென ஒரு பேச்சும் வேண்டுமோ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இச்சிறிய செய்தியை அறியாமையால் நான் பெரியதோர் இழப்புக்கு ஆளானேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைப்பை நாடி ரங்கூனுக்குச் சென்றவர். அங்கே ஒரு மரக்கடையில் கணக்கெழுதி வந்தார். அவர் ஊருக்கு அனுப்பிய படத் தபால் அட்டைகள் ஏழு. என் அப்பத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டை வந்தால், தெருவில் படித்தவர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்டு முடிந்ததும், பழைய பேரேடு ஒன்றின் வெற்றுத் தாளில் மைதாப் பசை தடவி, படம் மேலே தெரியும்படி ஒட்டிவிடுவார். எழுத்தறியாத அவருக்கு எழுத்தைக் காட்டிலும் படமே நெருங்கிய துணையாக இருந்தது இயல்புதானே?

1941 டிசம்பர் 23 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8 ஆம் நாள் அந்நகரம் ஜப்பானியர் கைவசமாயிற்று. அம்மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவருள் மிகப் பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் நோக்கி வந்தனர். என் பாட்டனாரும் அவ்வாறு புறப்பட்டவர், வந்து சேராதவர். அவர் கையெழுத்தாக எங்கள் வீட்டில் எஞ்சியவை அந்த ஏழு அட்டைகளே.

1985 ஆம் ஆண்டில் நான் இளம் ஆசிரியன். அப்பத்தாள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பர்மாவைப் பற்றிய பாடத்தன்று வகுப்பில் காட்டுவதற்காக, ஏழாவதாகிய கடைசி அட்டையை எடுத்துச் செல்ல விரும்பினேன். பேரேட்டைத் திறந்து, அட்டையின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, வெடுக்கென்று இழுத்தேன். அட்டை கையோடு வந்துவிட்டது. ஆனால் அதன் முதுகுத் தோலில் ஒரு பகுதி பேரேட்டிலேயே தங்கிவிட்டது. “பையனைப் பள்ளிக்கூடத்தில்” என்பது வரையில் எழுத்து இருந்தது. அதற்குமேல் மூன்று வரிகள் இருந்த இடத்தில் வெள்ளையாக நார் எழுந்து நின்றது. அந்தப் பையன் என் தந்தையார். அவரைப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்யும்படி பாட்டனார் எழுதினார்? சேர்க்கும்படியா, நிறுத்தும்படியா, வேறு பள்ளிக்கு மாற்றும்படியா? வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்திலேயே கழித்த எனக்கு இன்றளவும் அது தெரியாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் அன்றைக்கே செய்தேன். அதனைப் பேச்சின் முடிவில் சொல்லுகிறேன். அதன் முழுப் பொருளும் விளங்கவேண்டுமானால், அட்டை என்பது யாது, தாள் என்பது யாது, பசை என்பது யாது என்று முன்னர் அறிந்துகொள்ள வேண்டும்.

தபால் அட்டையை உலகில் முதன்முதலாக வெளியிட்டது ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு. ஆண்டு 1869, அக்டோபர் 1 ஆம் நாள். இம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளியல் ஆசிரியர் கூறிய யோசனையின் பயன் அது. நான்கு வரிச் செய்திக்கு உறையும் தாளும் எதற்கு, ஓர் அட்டை போதாதா என்பது அவர் எண்ணம். இந்தியாவுக்கு அட்டை 1879 ஜூலை முதல் நாளில் வந்தது. விலை கால் அணா. ஏழையின் கடிதம் என்று அதனைச் சொல்லலாம்.

பின்னர்ப் படம் அச்சிட்ட அட்டைகள் தோன்றின. தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்தது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் இடுக்கி எழுத வேண்டும். 1902 இல் பிரிட்டனில் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுத இடந்தந்தனர். சில ஆண்டுகளில் பிற நாடுகளும் அம்முறையை மேற்கொண்டன. அதுமுதல் படம் ஒரு பக்கத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது. எழுத்தும், முகவரியும், தபால் தலையும், முத்திரையும் மறுபக்கம் போயின. படம் தெரிய ஒட்டப்பட்ட அட்டையில் மறைந்து கிடப்பது எது என்பதை இப்போது உணர்வீர்கள். யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தபால் தலைகூடச் சரித்திரம் பேசும். 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டபோது, இந்தியத் தபால் தலைகளின் மேலேயே ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு அங்கே வழங்கினார்கள். அத்தகைய தலை ஒன்று ஓர் அட்டையில் இருந்தால், அதுவே ஒரு நாட்டின் பிரிவினைக்குச் சான்று.

இனித் தாளைப் பற்றிப் பார்ப்போம். தாள் என்பது கண்ணாடியைப்போல ஒரே பாளமாக வார்க்கப்பட்டது அன்று. தாவர நார்கள் நீரில் மிதந்து, சல்லடைமீது படிந்து, ஒன்றையொன்று தழுவிக் காய்ந்து உருவாவது. அட்டையோ அத்தகைய படலங்கள் பல சேர்ந்து தடித்தது. மை தங்கியிருப்பது அவற்றுள் மேற்படலம் ஒன்றில்தான். அதன் கனம் நம் தோலின் மேற்புறத்தைப்போல மிக மெல்லியது. பசை அந்த மேற்படலத்தின் நார்களுக்கிடையே ஊறி இறுகிவிடுகிறது. நாம் இழுக்கும்போது எது பிரியும்? மூன்று இடங்கள் உண்டு: பசை, ஏட்டுத் தாள், அட்டையின் உட்படலம். இம்மூன்றில் எது வலிமை குறைந்ததோ அது பிரியும். பசை வலிமையாக இருந்து, ஏட்டுத் தாளும் கெட்டியாக இருந்தால், அட்டைதான் தோலுரியும். என் அட்டைக்கு நேர்ந்தது அதுவே.

பசையிலும் வகை உண்டு. மைதா, அரிசி, கிழங்கு மாவு ஆகியவற்றைக் காய்ச்சிய பசை மாப்பசை. பள்ளிகளில் நூல் கட்டும் கைத்தொழில் வகுப்பு இருந்த காலத்தில், பூச்சி அரியாமல் இருப்பதற்காக மயில்துத்தம் சிறிது கலந்து இதனைக் காய்ச்சுவார்கள். வேல மரத்துப் பிசினைக் கரைத்து உண்டாக்குவது கோந்து. விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது தச்சர்கள் வழங்கும் வச்சிரம். இம்மூன்றும் நீரால் ஏதோ ஓர் அளவுக்கு இளகக்கூடியவை. ஆனால் ரப்பர்க் கரைசல், பிளாஸ்டிக் ஒட்டுநாடா, இக்காலத்து வெள்ளைப் பசை ஆகியவை வேறு இனம். காய்ந்த பின் நீருக்கு எளிதில் இணங்குவன அல்ல. ஒட்டுநாடா 1930 இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ட்ரூ என்பவரால் உருவாக்கப்பட்டது. கிழிந்த தாளுக்கு அது மருந்து என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊடுருவி, நீங்காத கறையாகிவிடுகிறது.

இவற்றை மனத்தில் கொண்டு, இனி வேலைக்கு வருவோம்.

முதற்படி, எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது. ஓர் ஆல்பம் ஒருவரின் வாழ்க்கையை அவரே அடுக்கிவைத்த வரிசை. எந்தப் படத்திற்குப் பக்கத்தில் எந்தப் படம், அதன் கீழே என்ன குறிப்பு என்பனவெல்லாம் செய்திகளே. அட்டைகளைப் பிரித்துவிட்டால் அந்த வரிசை அழிந்துபோகும். ஏடு உறுதியாக இருந்து, அட்டைகளும் கெடாமல் இருந்தால், அப்படியே விட்டுவிடுவது நன்று. தாள் கறுத்து நொறுங்குகிறது, பசையைப் பூச்சி அரிக்கிறது, மறைந்த எழுத்தைப் படிக்கத் தக்க காரணம் இருக்கிறது என்னும்போதே பிரிக்க முற்பட வேண்டும். ஏட்டுக்கு உரியவர் வீட்டில் இருந்தால் அவருடைய இசைவையும் பெறவேண்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் படி, பதிவு செய்தல். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், ஒன்றும் விடாமல், முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரையில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இக்காலத்தில் கைப்பேசியே போதும். நல்ல பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் பக்க எண், அட்டை எண், கீழே எழுதியுள்ள குறிப்பு ஆகியவற்றை எழுதிவையுங்கள். வேலை நடக்கும் மேசையில் பேனாவே இருத்தல் ஆகாது, பென்சில் மட்டுமே. கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் வியர்வையும் தாளுக்குப் பகை.

மூன்றாம் படி, அட்டை எவ்வாறு பற்றப்பட்டிருக்கிறது என்று ஆராய்தல். பழைய ஆல்பங்கள் பலவற்றில் பசையே இராது. தாளில் வெட்டிய பிளவுகளில் அட்டையின் நான்கு மூலைகளும் செருகியிருக்கும். சிலவற்றில் முக்கோண வடிவான மூலைத்தாள்கள் அட்டையைத் தாங்கியிருக்கும். இவை கண்டால் மகிழ்ச்சி அடையலாம். எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மூலையை விடுவிப்பதற்காக அட்டையை வில்லாக வளைக்காதீர்கள். நூறாண்டு கண்ட அட்டை வளையாது, ஒடியும். அதற்குப் பதிலாக, மூலைத்தாளை மெல்லிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிளவாயின் பிளவைச் சற்று நீட்டிவிடுங்கள். துன்பப்படவேண்டியது ஏடேயன்றி அட்டை அன்று.

பசையால் ஒட்டியிருந்தால், முழுப்பரப்பும் ஒட்டியிருக்கிறதா, நான்கு புள்ளிகளில் மட்டுமா என்று பாருங்கள். ஒரு மெல்லிய தாளை அட்டையின் ஓரங்களில் நுழைத்துப் பார்த்தால் எதுவரையில் செல்கிறது என்பது தெரியும். புள்ளிகளாக ஒட்டியிருந்தால், பல்லிடுக்கைத் துப்புரவு செய்யப் பயன்படும் மெழுகு பூசாத நூலை அட்டைக்குப் பின்னே செலுத்தி, இரு கைகளாலும் அதன் முனைகளைப் பற்றி, இரம்பம்போல மெல்ல முன்னும் பின்னும் இழுக்கலாம். நூல் ஏட்டுத் தாளோடு படிந்து செல்லவேண்டும். அட்டையை அழுத்துதல் கூடாது.

முழுப்பரப்பும் ஒட்டியிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் இப்பேச்சின் தலையாய விதி வருகிறது. அட்டையைத் தாளிலிருந்து உரிக்காதீர்கள். தாளை அட்டையிலிருந்து உரியுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்று அன்று. உரிக்கும்போது எது வளைகிறதோ அதுவே நோவுபடுகிறது. தோசைக் கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையை ஓரத்தில் பிடித்து மேலே தூக்கினால் அது கிழியும் என்பதை எந்தத் தாயும் அறிவார். கல்லோடு படிய வைத்துத் திருப்பியை நுழைத்தால்தான் அது முழுதாக வரும். நாம் காக்கவேண்டியது அட்டையாதலின், அட்டை சமமாகக் கிடக்கட்டும். வளைவதும் கிழிவதும் ஏட்டுத் தாளின் தலைவிதியாகட்டும்.

செய்முறை இது. அந்த ஏட்டின் பக்கத்தை, அதன் மறுபுறத்தில் வேறு அட்டையோ எழுத்தோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தைத்த இடத்திலிருந்து தனியே வெட்டியெடுங்கள். அட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுத் தாளை நறுக்குங்கள். பிறகு தூய மையொற்றுத் தாள்மீது படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். இப்போது உங்களுக்குத் தெரிவது ஏட்டுத் தாளின் முதுகு. அதன் ஓரத்தில் ஒரு சிறு மூலையைக் கிளப்பி, தாளை அதன்மேலேயே மடித்தாற்போல், மிகத் தாழ்ந்த கோணத்தில், மெல்ல மெல்ல உரித்துக்கொண்டு வாருங்கள். தாள் படலம் படலமாக வரும். ஒரே முறையில் முழுக் கனத்தையும் எடுக்க முயலவேண்டாம். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் மெல்லிய மழுங்கிய கத்தி இருந்தால் துணை செய்யும். கூரிய சவர அலகு வேண்டாம். அது படலத்தின் எல்லையை அறியாமல் உள்ளே பாயும். ஓரிடத்தில் அட்டையின் நார் கிளம்புவதைக் கண்டால், உடனே நின்று, எதிர்த்திசையிலிருந்து தொடங்குங்கள்.

இவ்வாறு உலர்ந்த நிலையிலேயே பெரும்பகுதியை நீக்கிவிட்டால், இறுதியில் பாற்கட்டி ஏடுபோன்ற ஒரு மெல்லிய படலமும் பசையுமே எஞ்சும். சில சமயம் அப்படலத்தின் ஊடே எழுத்து நிழலாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கணத்தில் உண்டாகும் மகிழ்ச்சியை நான் சொல்லமாட்டேன், நீங்களே காணுங்கள். ஆனால் அதுவே மிகவும் ஆபத்தான கணமும் ஆகும். எஞ்சியதையும் விரைவில் நீக்கிவிட மனம் துடிக்கும். கை தண்ணீரைத் தேடும்.

உங்களுள் தபால் தலை சேர்ப்போர் பலர் இருப்பீர்கள். உறைத் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பிரிப்பது நீங்கள் அறிந்த வழக்கம். அதனை ஒருபோதும் அட்டைக்குச் செய்யாதீர்கள். காரணங்கள் மூன்று. ஒன்று, அட்டையின் படலங்கள் நீரில் ஊதிப் பிரிந்துவிடும். இரண்டு, படம் உண்மையான புகைப்படமாயின் அதன் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் பொருளால் ஆனது. நனைந்தால் கூழாகி, தொட்ட பொருளில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: எழுதிய மை எத்தகையது என்று உங்களுக்குத் தெரியாது. பேனா மைகள் பல நீரில் கரைபவை. அக்காலத்தில் ‘காப்பியிங் பென்சில்’ என்று ஒன்று வழங்கியது. எழுதும்போது சாதாரணப் பென்சிலைப்போலச் சாம்பல் நிறமாகத் தோன்றும். ஈரம் பட்டால் ஊதா நிறமாக மாறிப் பரவிவிடும். மையைச் சோதித்துப் பார்க்கலாமே என்றால், எழுத்து மறைந்திருக்கையில் எவ்வாறு சோதிப்பது? ஆகவே, மறைந்திருக்கும் எழுத்து அனைத்தும் நீரில் கரைவதே என்று கொள்ளுங்கள். கறுப்புத் தாள் ஆல்பமாயின், அத்தாளின் சாயமும் ஈரத்தில் கசிந்து அட்டையைக் கறைப்படுத்தும் என்பதையும் மறவாதீர்கள்.

அப்படியாயின் மாப்பசையை இளக்க வழியே இல்லையா? உண்டு, நீர் அன்று, நீராவி அளவான ஈரமே அவ்வழி. மாப்பசையின் துகள்கள் சிறிது ஈரத்தை உண்டாலும் ஊதி நெகிழும். பாதுகாப்புத் தொழில் வல்லுநர்கள், நீர்த்துளியைத் தடுத்து ஆவியை மட்டும் செல்லவிடும் ஒருவகைத் துணியை இடையே வைத்து, அதன்மேல் ஈரமான ஒற்றுத் தாளை இட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருளைக் கூழாக்கித் தடவுவதும் உண்டு. அக்கூழ் நீரைத் தன்னுள் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகவே வழங்கும். நெகிழ்ந்த பசையை மழுங்கிய கத்தியால் வழித்தெடுத்து, அட்டையை இரண்டு ஒற்றுத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே சமமான பாரம் ஏற்றி உலரவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஒற்றுத் தாளை மாற்றி, மீண்டும் ஒரு நாளாவது பாரத்தின்கீழ் வைப்பார்கள். இல்லையேல் அட்டை சுருண்டுவிடும்.

ஆயினும் மாணவர்களுக்கு நான் கூறும் அறிவுரை வேறு. உலர்முறையோடு நின்றுவிடுங்கள். எழுத்தின்மேல் ஒரு மெல்லிய படலம் எஞ்சியிருப்பது குற்றமன்று. பிற்காலத்தில் வல்லவர் ஒருவர் அதனை எடுக்கலாம். கரைந்துபோன மையை எவராலும் மீட்க முடியாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. பழம்பொருள்களைக் காக்கும் கலை நம் நாட்டில் புதியதன்று. ஐயம் தோன்றும்போது அறிந்தவரைக் கேட்பதே அறிவுடைமை.

1970-களிலும் அதற்குப் பின்னும் பரவிய ஒருவகை ஆல்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் பக்கங்களில் பசைக் கோடுகள் இருக்கும். மேலே தெளிந்த பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். பசை தடவும் தொல்லை இல்லாமையால் மக்கள் அதனை விரும்பினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசை மஞ்சளாகி, அட்டையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. அதற்கும் நான் முன்சொன்ன நூல்முறையே ஏற்றது. சூடான காற்றை ஊதியும், ஆவியில் எளிதில் தீப்பற்றும் திரவங்களை ஊற்றியும் பிரிப்பார் உண்டு. அவை அட்டைக்கும் கேடு, உங்கள் உடலுக்கும் கேடு. வராத அட்டையை வற்புறுத்தாதீர்கள். பக்கத்தோடு வெட்டியெடுத்து அப்படியே வைத்திருங்கள்.

பிரித்தெடுத்த பின் காப்பது எப்படி? அட்டைகளைப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைகளில், உறைக்கு ஒன்றாக இடுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம், அவை நாளடைவில் பிசுபிசுத்து, அமிலத்தைக் கக்கி, படத்தை அரிக்கும். உறைக்கு வழியில்லையேல் அமிலமற்ற தாளில் மடித்து வைக்கலாம். சூடேற்றிப் பிளாஸ்டிக் தாளுக்குள் அடைத்துவிடும் ‘லாமினேஷன்’ முறைக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அது மீளாச் சிறை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பூக்கும். ஆதலால் நம் கடற்கரை ஊர்களில், சுவரையொட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காமல், காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் நம் கவனக்குறைவையே உண்டு வாழ்கின்றன.

பழந்தாள் எதற்கு என்று கேட்போருக்கு ஒன்று சொல்லுவேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியர். பிறர் பொருட்படுத்தாத பழைய நூல்களையும் இதழ்களையும், அவற்றோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட ஆயுள் முழுதும் தேடிச் சேர்த்தார். அத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டு 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழர் வாழ்க்கையை ஆராயும் அறிஞர்கள் பல நாடுகளிலிருந்தும் அதனைத் தேடி வருகிறார்கள். எறிந்துவிடத் தக்கது என்று பலரும் கருதியதே சரித்திரத்துக்குக் கருவியாயிற்று.

இனி, முதலில் நான் சொல்லாது விட்ட பெரிய பிழையைச் சொல்லுகிறேன். 1985 இல் அட்டையைக் கிழித்தேன் அல்லவா? எழுத்து எங்கே போயிற்று? அழிந்துபோகவில்லை. அட்டையின் மேற்படலம், மூன்று வரி எழுத்தோடு, பேரேட்டுத் தாளில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து கீழ்நோக்கிக் கிடந்தமையால் எனக்குத் தெரியவில்லை. வெறும் வெள்ளை நாரையே கண்டேன். பக்கம் பாழாயிற்று என்று சினந்து, அத்தாளைக் கிழித்துச் சுருட்டி, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அதனைப் பத்திரமாக வைத்திருந்தால், பேரேட்டுத் தாளைப் பின்புறமிருந்து படலம் படலமாக உரித்து, அந்த மூன்று வரிகளையும் மீட்டிருக்கலாம். கண்ணாடியில் பிடித்தேனும் அவற்றின் நிழலைப் படித்திருக்கலாம். நான் எழுத்தைக் கிழித்தது அவசரத்தால், எரித்தது அறியாமையால். கிழித்ததற்கு மருந்து இருந்தது, எரித்ததற்கு இல்லை.

இவ்வுண்மை எனக்கு விளங்கியது ஓய்வு பெற்ற பின்னரே. அதன்பின் எஞ்சிய ஆறு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, ஓர் அட்டைக்கு ஒரு வாரமாக, நாளுக்கு அரைமணி நேரம் அமர்ந்து வேலை செய்தேன். ஐந்து அட்டைகள் எழுத்தோடு வெளிவந்தன. கடன் எவ்வளவு அடைந்தது, மழை எப்படி, பசு கன்று ஈன்றதா, பையனுக்கு அம்மை இறங்கியதா என்றெல்லாம் ஒரு சாதாரண மனிதர் தம் மனைவிக்கு எழுதிய வரிகள். அவற்றுள் ஒன்றில், தாமே வரைந்த ஒரு சிறு கணக்கும் இருந்தது. ஊருக்குத் திரும்ப எத்தனை ரூபாய் சேரவேண்டும் என்பது அது. ஆறாவது அட்டையில், படலத்தின் ஓரத்தில் ஊதா நிறத் துளி ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். அது காப்பியிங் பென்சில். அந்த அட்டை இன்றும் தன் மெல்லிய திரையோடு உறையில் இருக்கிறது. என் காலத்தில் அதனைப் படிக்க முடியாமற் போகலாம். ஆயினும் அது இருக்கிறது, அதுவே பெரிது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இப்பேச்சில் மற்றவற்றை மறந்தாலும் மூன்றை மட்டும் மறவாதீர்கள். அட்டையை வளைக்காமல் தாளை வளையுங்கள். தெரியாத மைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். வேலை முடிந்த பின்னும், கிழிந்த துண்டு எதையும், அது எவ்வளவு சிறியதாயினும், எறியாமல் ஓர் உறையில் இட்டு, எந்த அட்டைக்கு உரியது என்று எழுதிவையுங்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியோரிடம், பழைய படப் புத்தகம் ஏதேனும் உண்டோ என்று கேளுங்கள். இருந்தால், அட்டைகளைப் பிரிப்பதற்கு முன்னே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பத்தாள் உயிரோடிருந்தபோது நான் கேட்டிருந்தால், படிக்கத் தெரியாத அவர், பல முறை படிக்கக் கேட்ட அந்த மூன்று வரிகளையும் ஒருவேளை வாய்மொழியாகவே சொல்லியிருப்பார்.